பழைய மசில் காரைப் புதுப்பிக்கும்போது செலவைக் கைக்குள் வைத்திருப்பது எப்படி? 1969 கமாரோவை முன்வைத்து ஒரு முழு வழிகாட்டி

அமெரிக்காவில் பழைய கார் விளம்பரங்களைப் பார்ப்பவர்களுக்கு இந்த வகை நன்றாகத் தெரியும். பெயின்ட் உரித்து பிரைமர் அடித்த பாடி, பத்துப் பதினைந்து அட்டைப்பெட்டிகளில் பாகங்கள், தனியாக ஒரு ஸ்டாண்டில் இன்ஜின், கூடவே "90 சதவீதம் வேலை முடிந்தது" என்று ஒரு வரி. கண்ணாடி, ரப்பர், ஒயரிங், சீட், குரோம் எல்லாம் அந்த மீதிப் பத்து சதவீதத்தில்தான் இருக்கும். விற்பவர் போட்ட பணத்தில் பாதிகூடத் திரும்பி வராது.

இப்படிக் கார்கள் நடுவழியில் நிற்பதற்கு உதிரிபாக விலை அபூர்வமாகத்தான் காரணம். துருவைக் குறைத்து மதிப்பிடுவது, பாதி வேலையில் திட்டத்தை மாற்றுவது, வேலைகளைத் தப்பான வரிசையில் செய்வது ஆகிய மூன்றும்தான் பணத்தை விழுங்குகின்றன. மூன்றையும் தடுக்க முடியும். அதிலும் பெரும்பகுதியை, முதல் நட்டைக் கழற்றுவதற்கு முன்பே தடுத்துவிடலாம்.

மசில் கார் என்றால் பெரிய இன்ஜின் பொருத்திய பழைய அமெரிக்கக் கார். உதாரணத்துக்கு அவற்றில் ஒன்றான 1969 ஷெவர்லே கமாரோவை எடுத்துக்கொள்கிறேன். அந்த மாடல் ஆண்டில் சுமார் 2,43,000 கார்கள் வந்தன. அதன் ஏறக்குறைய ஒவ்வொரு தகடும், கிளிப்பும், ரப்பரும் இன்று புதிதாகச் செய்து விற்கப்படுகிறது. டைனாகார்ன் நிறுவனம் முழு பாடியையே தயாரிக்கிறது. செலவைப் பற்றிய முதல் பாடமும் இதுதான்: எல்லோரும் விரும்பும் கார்தான் புதுப்பிக்க மலிவு. கமாரோ, மஸ்டாங், ஷெவெல் ஆகியவற்றுக்குப் பாகம் தேட வேண்டியதே இல்லை. ஏஎம்சி ஜாவலின், மெர்க்யூரி சைக்ளோன் போன்றவை வாங்கும்போது விலை குறைவாகத் தெரியும். அப்புறம் ஒரு கிரில்லுக்கும் ஒரு டெயில் விளக்குக்கும் மாதக்கணக்கில் அலைய நேரும், கிடைத்தாலும் விற்பவர் சொன்னதுதான் விலை.

படி 1: எந்தத் தரத்தில் முடிக்கப் போகிறோம்?

மூன்று வழிகள் உண்டு. ஒன்று, தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே, போல்ட் தலையில் இருக்கும் முத்திரை வரை சரியாக வைக்கும் கண்காட்சித் தரம். இரண்டு, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஓட்டிப் போகக்கூடிய, நல்ல தோற்றமுள்ள, நம்பகமான கார். டிரைவர் தரம் என்பார்கள். மூன்று, வெளியே பழைய உருவம், உள்ளே நவீன இன்ஜினும் பிரேக்கும் ஏசியும் கொண்ட ரெஸ்டோமாட்.

இரண்டாவதுக்கும் முதலாவதுக்கும் இடையே செலவு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று போகும். பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் அந்த அளவுக்கு இருக்காது. முதல் காரைப் புதுப்பிப்பவருக்கு டிரைவர் தரம்தான் என்னுடைய பரிந்துரை, அதில் எனக்குத் தயக்கமே இல்லை. கண்காட்சிக் காரைக் கல் தெறிக்கும் சாலையில் ஓட்ட மனசு வராது. ஓட்டுவதற்காகத்தானே இந்தக் கார்கள் பிறந்தன.

முடிவை ஒரு தாளில் எழுதி ஷெட் சுவரில் ஒட்டுங்கள். "இவ்வளவு கழற்றிவிட்டோம், இதையும் புதிதாகப் போட்டுவிடலாமே" என்ற எண்ணம் வாரத்துக்கு ஒருமுறை வரும். அப்போது அந்தத் தாளைப் பார்க்க வேண்டும்.

படி 2: உச்சவரம்பு

முடிந்த காரின் சந்தை விலையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். பழைய கார் இன்சூரன்ஸ் நிறுவனமான ஹேகர்ட்டி வெளியிடும் விலைப் பட்டியலில் ஒவ்வொரு காருக்கும் 1 முதல் 4 வரை நிலைகள் உண்டு. 1 என்றால் கண்காட்சித் தரம், 3 என்றால் நல்ல ஓட்டுநிலை, 4 என்றால் சுமார். உங்கள் காரின் இன்ஜின், கியர்பாக்ஸ் விவரத்தைக் கொடுத்து மூன்றாம் நிலையின் விலையைப் பாருங்கள். அதிலிருந்து வாங்கும் விலையைக் கழித்தால் மிஞ்சுவதுதான், நஷ்டமில்லாமல் செலவழிக்கக்கூடிய தொகை. பல கார்களுக்கு அது அதிர்ச்சி தரும் அளவுக்குச் சின்னது.

காரணம் கூலி. பாடியை முழுக்கப் பிரித்துச் செய்யும் வேலை ஆயிரம் மணி நேரத்தைத் தாண்டுவது சாதாரணம். பட்டறை மணிக்கு 100 டாலர் வாங்குகிறது என்று வைத்துக்கொண்டால், கூலி மட்டுமே 1,00,000 டாலர். சாதாரண வி8 கமாரோ ஒன்று நல்ல ஓட்டுநிலையில் பெரும்பாலும் அந்த விலையை எட்டாது. ஆக, முழு வேலையையும் வெளியே கொடுத்துவிட்டு விற்று லாபம் பார்ப்பது நடக்காத காரியம். உங்கள் கை உழைப்பு எவ்வளவு சேர்கிறதோ அவ்வளவுதான் மிச்சம்.

அப்பா ஓட்டிய கார், தாத்தா வாங்கிய கார் என்றால் சந்தை விலையைத் தாண்டிச் செலவழிப்பதில் தப்பே இல்லை. எவ்வளவு தாண்டலாம் என்பதையும் குடும்பத்தோடு பேசி ஓர் எண்ணாக எழுதி வையுங்கள்.

படி 3: காரைத் தேர்ந்தெடுப்பது

மொத்தச் செலவில் பெரும்பகுதி இந்த ஒரு நாளில் தீர்மானமாகிவிடுகிறது, அதனால் இங்கே நின்று நிதானமாகப் பார்ப்போம்.

கமாரோவின் கட்டமைப்பைப் புரிந்துகொண்டால் எந்தத் துரு மலிவு, எந்தத் துரு விலை அதிகம் என்று தெரிந்துவிடும். முன்பக்கம் இன்ஜினைத் தாங்கும் தனியான சட்டம் (சப்ஃபிரேம்), போல்ட் போட்டு இணைத்தது. முன் மட்கார்டு, பானெட், கதவு எல்லாமே போல்ட்டில் கழன்று வரும். அவை ஓட்டையாக இருந்தாலும் புதிதாக வாங்கி மாட்டிவிடலாம். நடுப்பகுதியும் பின்பகுதியும் அப்படியல்ல. தரைத்தகடு, கதவுக்குக் கீழே ஓடும் ராக்கர், பின் சக்கரத்துக்கு மேலே வரும் குவார்ட்டர் பேனல், டிக்கியின் இருபுறத் தாழ்வுகள், பின் ஃபிரேம் ரெயில் எல்லாம் வெல்டிங்கில் ஒட்டியவை. புதுத் தகட்டின் விலை சில நூறு டாலர்தான் இருக்கும். பழையதை வெட்டி எடுத்து, இடைவெளி பார்த்து, வெல்டிங் வைத்து, தேய்த்து, நேர்ப்படுத்தும் மணிநேரங்கள்தான் பணம்.

பார்க்கப் போகும்போது ஒரு காந்தம், டார்ச், ஒரு வாளித் தண்ணீர், தரையில் விரித்துப் படுக்க ஒரு பழைய போர்வை போதும். குவார்ட்டர் பேனலின் கீழ்ப்பகுதியில் காந்தம் ஒட்டவில்லை என்றால் உள்ளே பட்டி கனமாகப் போட்டிருக்கிறார்கள். முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காற்றுத்துளை வழியாக, உரிமையாளர் அனுமதியோடு, மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். உள்ளே முன் சீட்டின் கால்வைக்கும் இடம் நனைந்தால் கவுல் என்ற பகுதி உளுத்துவிட்டது. பல வருடம் இலைதழை அடைத்து, ஈரம் தங்கி, உள்ளிருந்தே தின்றிருக்கும். அதைச் சரிசெய்ய முன்பக்கம் முழுவதையும் கழற்ற வேண்டும். பின்கண்ணாடிக்கும் டிக்கி மூடிக்கும் இடையே உள்ள தகடும் இதே கதைதான். வினைல் கூரை இருந்தால் இன்னும் கவனம் தேவை. துணிக்கு அடியில் தங்கும் ஈரம் கூரையையும் பின்கண்ணாடி ஓரத்தையும் அரித்திருக்கும், வெளியிலிருந்து சின்னச் சின்னக் கொப்புளம் மட்டுமே தெரியும்.

அரிசோனா, நியூ மெக்சிகோ போன்ற வறண்ட மாநிலக் கார்களுக்கு விலை கூடுதலாகச் சொல்வார்கள். அதைக் கொடுங்கள். மிச்சிகன், ஒஹையோ பக்கம் குளிர்காலத்தில் சாலையில் உப்புப் போடுவார்கள், அது அடிப்பாகத்தைச் சாப்பிட்டுவிடும். வறண்ட ஊர்க் காரில் வெயில் டாஷ்போர்டையும் சீட்டையும் ரப்பரையும் வெடிக்க வைத்திருக்கும். கமாரோவுக்கு அவை எல்லாமே கேட்லாக்கில் கிடைக்கும் பொருட்கள். லாரியில் ஏற்றி நாட்டின் மறுகோடிக்குக் கொண்டுவரும் செலவைச் சேர்த்தாலும், இரண்டு குவார்ட்டர் பேனல் மாற்றும் கூலியைவிடக் குறைவாகத்தான் வரும்.

பாகங்கள் குறையாத காராகவும் பாருங்கள். ஓடாவிட்டாலும் பரவாயில்லை. பெட்டி பெட்டியாகப் பிரித்துவைத்த காரை மட்டும் தவிருங்கள். என்ன காணவில்லை என்பது பொருத்தும் நாளில்தான் தெரியும்.

படி 4: அடையாள எண்கள்

பணம் கொடுப்பதற்கு முன் டைட்டில் என்ற உரிமைப் பத்திரத்தில் உள்ள எண்ணும் காரில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். 1969 கமாரோவில் அது ஓட்டுநர் பக்க டாஷ்போர்டின் மேல், கண்ணாடி வழியாகத் தெரியும். 124 என்று தொடங்கினால் வி8, 123 என்றால் ஆறு சிலிண்டர். ஏழாவது இடத்தில் "என்" இருந்தால் ஒஹையோவின் நார்வுட் தொழிற்சாலை, "எல்" இருந்தால் கலிஃபோர்னியாவின் வான் நைஸ்.

இந்த எண் சொல்லாத ஒன்றும் உண்டு. அந்தக் கார் விலை கூடிய எஸ்எஸ் மாடலா, இசட்28 மாடலா என்று 1969 எண்ணிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. கோடு போட்ட பெயின்டையும் சின்னத்தையும் யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். நார்வுட்டில் செய்த பல கார்களில், இன்ஜினுக்கும் உட்புறத்துக்கும் இடையே உள்ள ஃபயர்வாலின் தகட்டில் மாடலை அறிய உதவும் "எக்ஸ்" குறியீடு இருக்கும். இன்ஜினில், வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் உள்ள சமதளத்தில் குத்திய எண்ணில் காரின் எண்ணுடைய பிற்பகுதியும் பெரும்பாலும் இருக்கும். இவை பொருந்தாமல் "அசல் இசட்28" என்று விலை சொன்னால், சாதாரணக் கமாரோவின் விலையை மட்டும் பேசுங்கள். ஃபோர்டு மஸ்டாங்கிலும் டாட்ஜ் சார்ஜரிலும் இந்தத் தொல்லை குறைவு. அந்தக் கார்களில் ஐந்தாவது எழுத்தே இன்ஜினைச் சொல்லிவிடும்.

படி 5: கணக்குப் புத்தகம்

எக்செல் ஷீட் ஒன்று போதும். தகட்டு வேலை, பெயின்ட், இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக்கும் சஸ்பென்ஷனும், ஒயரிங், உட்புறம், குரோம், கண்ணாடியும் ரப்பரும், டயர் என்று தலைப்புகள். ஒவ்வொன்றிலும் மதிப்பீடு, கொடுத்தது, இன்னும் வேண்டியது என மூன்று பத்தி. எல்லோரும் விட்டுவிடுவது சில்லறைச் செலவு: உப்புத்தாள், வெல்டிங் கேஸ், தின்னர், கையுறை, போல்ட், ஷிப்பிங், ஷெட் வாடகை. இதற்குத் தனி வரி போடுங்கள், அந்த வரி வளர்வதைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள். கடைசியில் மொத்தத்தோடு 30 சதவீதம் சேர்த்து, அதைத் தொடாமல் வையுங்கள். அந்த 30 சதவீதத்தைச் சேர்த்தால் உச்சவரம்பைத் தாண்டுகிறது என்றால் காரோ தரமோ மாற வேண்டும்.

பாகங்களை வேலைக்குத் தேவைப்படும் மாதத்தில் வாங்குங்கள். தள்ளுபடியில் முன்கூட்டியே வாங்கிய கார்ப்பெட்டும் ரப்பரும் மூன்று வருடம் கழித்துத்தான் பெட்டியிலிருந்து வெளியே வரும். அளவு தப்பாக இருந்தால் திருப்பிக் கொடுக்கும் காலம் எப்போதோ முடிந்திருக்கும்.

படி 6: கழற்றுவதா, ஓட்டிக்கொண்டே செய்வதா?

கார் ஓடும் நிலையில் இருந்தால் முழுக்கக் கழற்றாதீர்கள். முதல் வருடம் பிரேக், எரிபொருள் குழாய், ரேடியேட்டர், டயர், ஒயரிங். அடுத்த குளிர்காலம் உட்புறம். அதற்கடுத்தது சஸ்பென்ஷன். இப்படிச் செய்தால் ஒவ்வொரு கோடையிலும் காரை ஓட்டலாம், கையில் பணம் இருக்கும் அளவுக்கு மட்டும் வேலை எடுக்கலாம், பாதியில் நின்றாலும் கார் காராகவே இருக்கும்.

கழற்றியே ஆக வேண்டும் என்ற நிலை தகட்டுவேலை வந்தால்தான். அப்போது செல்போனும் ஜிப் பைகளும் மார்க்கர் பேனாவும்தான் பெரிய கருவிகள். கழற்றுவதற்கு முன் நான்கு பக்கமும் படம். ஒவ்வொரு போல்ட்டும் தனிப் பையில், எங்கிருந்து வந்தது என்று எழுதி. பழைய பாகம் எவ்வளவு மட்டமாக இருந்தாலும் புதியது பொருந்தும் வரை தூக்கிப் போடாதீர்கள். மறுதயாரிப்பில் வரும் பல பாகங்களில் துளை கொஞ்சம் தள்ளி இருக்கும், ஒப்பிட்டுப் பார்க்கப் பழையது வேண்டும். ஆல்டர்னேட்டர், பிரேக் காலிப்பர் போன்றவற்றுக்குப் பழையதைத் திருப்பிக் கொடுத்தால், புதிது வாங்கும்போது கட்டிய முன்பணமும் திரும்பக் கிடைக்கும்.

படி 7: தகட்டு வேலை

பெயின்ட் உரிக்க மணல் அடிப்பதை ஃபிரேமோடும் சஸ்பென்ஷனோடும் நிறுத்துங்கள். பானெட், கூரை போன்ற அகலமான தகடுகளில் மணலை வேகமாக அடித்தால் நெளிந்துவிடும், நெளிந்த கூரையை நேராக்கும் கூலி உரித்த கூலியைப் போல் பல மடங்கு. அங்கே ரசாயனமோ பிளாஸ்டிக் துகளோதான் சரி. உரித்த உடனே எப்பாக்ஸி பிரைமர் அடிக்க வேண்டும். வெறும் இரும்பு ஈரக்காற்றில் ஒரே இரவில் துருப்பிடிக்கும், அப்புறம் உரித்த காசை மறுபடி கொடுக்க வேண்டும்.

தரையையோ ராக்கரையோ வெட்டுவதற்கு முன் கதவு வழிகளில் குறுக்குக் கம்பி வைத்து பாடியை இறுக்கிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் முடித்துவிட்டு அடுத்த பக்கம். இதைத் தவிர்த்தால் பாடி முறுக்கிக்கொண்டு கதவு மூடாமல் போகும். கூரையும் குவார்ட்டர் பேனலும் சேரும் இடத்தில் தொழிற்சாலையிலேயே ஈயம் பூசியிருப்பார்கள். அதை உலர்வாகத் தேய்க்காதீர்கள், அந்தத் தூசி விஷம்.

வெல்டிங் தெரியாதவர்கள் அருகிலுள்ள கம்யூனிட்டி காலேஜ் மாலை வகுப்பில் சேரலாம். பல ஊர்களில் பாடி வேலைக்கு வகுப்பு உண்டு, சில இடங்களில் சொந்தக் காரையே கொண்டுபோய்ச் செய்ய விடுவார்கள். இந்தத் திட்டத்தில் நீங்கள் செலவழிக்கும் எந்தப் பணமும் இந்தக் கட்டணத்தைப் போலத் திரும்பி வராது.

பட்டறையில் கொடுக்கிறீர்கள் என்றால் எழுத்தில் மதிப்பீடு, இத்தனை மணி நேரத்தைத் தாண்டினால் கேட்க வேண்டும் என்ற வரி, மாதாமாதம் படங்களோடு பில், செய்த வேலைக்கு மட்டும் பணம் என்று பேசிக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் மதிப்பீடும், அதைத் தாண்ட வாடிக்கையாளர் அனுமதியும் சட்டப்படியே கட்டாயம். மொத்தப் பணத்தை முன்பே கொடுத்தால், அவசர வேலைகள் வரும்போதெல்லாம் உங்கள் கார் மூலைக்குப் போய்விடும். மாதம் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.

படி 8: இன்ஜினும் ஓட்டமும்

பிரிப்பதற்கு முன், சிலிண்டரின் அழுத்தத்தைப் பார்க்கும் கம்ப்ரஷன் சோதனையும், கசிவைப் பார்க்கும் லீக்டவுன் சோதனையும் செய்யுங்கள். எட்டு சிலிண்டரும் ஒரே மாதிரி காட்டினால், எண்ணெய் அழுத்தமும் சரியாக இருந்தால், சீல்களை மட்டும் மாற்றி அப்படியே மாட்டலாம். பல ஆயிரம் டாலர் அங்கேயே மிச்சம்.

காரோடு பிறந்த அசல் இன்ஜின் என்றால் லேத் பட்டறையில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்: இன்ஜின் பிளாக்கின் மேல்தளத்தைச் சீவும்போது எண் குத்திய இடத்தைத் தொடக் கூடாது. அந்த எண் போனால் காரின் மதிப்பில் பெரிய பகுதி அதோடு போய்விடும். அசல் இல்லாத கார் என்றால் கவலையே வேண்டாம், முழுதாகக் கட்டிப் பெட்டியில் வைத்து விற்கும் 350 கியூபிக் இன்ச் இன்ஜின் (கிரேட் இன்ஜின்) ஒன்றை வாரண்டியோடு வாங்கி மாட்டுங்கள். பழையதை போரிங் செய்து, பிஸ்டன், கேம், வால்வு என்று வாங்கிச் சேர்த்தால் பெரும்பாலும் அதைத் தாண்டிவிடும்.

வால்வுகளை இயக்கும் கேம் தண்டு பழைய ஃப்ளாட் டேப்பெட் வகையாக உள்ள இன்ஜினுக்கு இன்றைய சாதாரண ஆயில் போதாது. துத்தநாகச் சேர்க்கை அதிகமுள்ள ஆயில் ஊற்றி, முதல் முறை ஸ்டார்ட் செய்ததும் சுமார் 2,000 ஆர்பிஎம்மில் இருபது நிமிடம் ஓட்ட வேண்டும். ஐடிலில் விட்டால் கேம் தேய்ந்து, இரும்புத் துகள் எல்லா பேரிங்குக்கும் போகும். புது இன்ஜின் ஒரே நாளில் பாழ். எரிபொருள் ரப்பர் குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். சில டாலர் வேலைதான், கார் தீப்பிடிக்காமல் காப்பாற்றுவது.

அதிக வலுவுள்ள பன்னிரண்டு போல்ட் பின் ஆக்சில் வேண்டும் என்று எல்லோரும் ஆசைப்படுவார்கள். தெருவில் ஓட்டும் 350-க்குப் பத்து போல்ட்டே தாராளம். அந்தப் பணத்தில் முன் டிஸ்க் பிரேக் போடுங்கள்.

படி 9: பெயின்ட்

பெயின்ட் அடிப்பதற்கு முன் பம்பர், விளக்கு, கதவு, குரோம் பட்டி எல்லாவற்றையும் ஒருமுறை மாட்டிப் பார்த்து, இடைவெளி சரிசெய்து, மறுபடி கழற்றுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் மறுதயாரிப்புத் தகடுகள் அப்படியே வந்து உட்காராது. பெயின்டுக்குப் பிறகு மட்கார்டைத் தட்டி நேராக்கினால் அந்தப் பக்கம் முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும்.

பில்லில் பெரும்பகுதி தேய்க்கும் நேரத்துக்கானது. கட்டையில் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதை நீங்களே செய்து, கடைசிப் பூச்சை மட்டும் பூத் உள்ள பெயின்டரிடம் கொடுப்பது நல்ல வழி, அவர் சம்மதித்தால். நிறத்திலும் காசு இருக்கிறது: சிவப்பும், சிறப்பு மினுக்கு நிறங்களும் விலை கூடுதல், கருப்பு சின்ன நெளிவையும் காட்டிக்கொடுக்கும், அதனால் உழைப்பு கூடும். இன்றைய இரண்டு பாக பெயின்டில் ஐசோசயனேட் என்ற நச்சு ரசாயனம் உண்டு. வெளிக்காற்று தரும் முகமூடி இல்லாமல் வீட்டு ஷெட்டில் அடிக்கவே கூடாது. நுரையீரலை விலையாகக் கொடுத்துச் சேமிப்பது சேமிப்பு இல்லை.

படி 10: குரோம், உட்புறம், சாலை

கமாரோ பம்பருக்கு மறுபூச்சு போடுவதைவிடப் புதிது வாங்குவது மலிவு. கண்காட்சித் தரம் என்றால் மட்டும் அசலுக்குப் பூச்சு. சீட் உறையும் கார்ப்பெட்டும் கூரைத் துணியும் பொறுமை உள்ள யாரும் வீட்டில் போடலாம். பென்சில்வேனியாவின் கார்லைல், கலிஃபோர்னியாவின் பொமோனா போன்ற ஸ்வாப் மீட்களில் (பழைய பாகச் சந்தைகளில்) அசல் கைப்பிடி, மீட்டர், ஸ்டியரிங் கிடைக்கும். மதியத்துக்கு மேல் பேரம் நன்றாகப் படியும்.

கார் ஷெட்டில் இருக்கும்போதே இன்சூரன்ஸ் எடுங்கள். விலையை முன்பே ஒத்துக்கொள்ளும் வகைப் பாலிசியாக இருக்கட்டும், புதுப்பிப்பில் உள்ள காருக்கும் அது கிடைக்கிறது. மதிப்புக் கூடக்கூட பில்களைக் காட்டித் தொகையை உயர்த்துங்கள்.

ஒதுக்கிய 30 சதவீதத்தில் கொஞ்சமாவது முதல் 500 மைலுக்கு மிஞ்ச வேண்டும். புதிதாகக் கட்டிய காரில் கூலன்ட் ஒழுகும், போல்ட் தளரும், கார்புரேட்டருக்கு ஜெட் மாற்ற வேண்டியிருக்கும், வீல் அலைன்மென்ட் மறுபடி பார்க்க வேண்டும். இந்த மைல்களை வீட்டைச் சுற்றியே ஓட்டுங்கள், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அடியில் பாருங்கள், ஆயிலை சீக்கிரமே மாற்றி ஃபில்டரை வெட்டி இரும்புத் துகள் இருக்கிறதா என்று பாருங்கள். டயர் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். பத்து வருடம் தாண்டிய டயர் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும், அதில் நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள்.